பிடிஎஃப்பில் காணாமல் போன அக்கா

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அந்த அச்சகத்தில் சேர்ந்தபோது எனக்குத் தமிழில் தட்டச்சு செய்ய மட்டும்தான் தெரியும். கணக்கில் பி.எஸ்சி. முடித்திருந்தேன். பேகம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்வரலாம், கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை, முதலாளி குடும்பஸ்தர் என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகே அத்தா என்னை அனுப்பினார். விசாரித்தும் அவருக்கு மனசு ஆறவில்லை. அவர் வேலை பார்த்த தோல் மண்டிக்கு அது வழியே இல்லை. ஆனாலும் முதல் வாரம் முழுக்கக் காலையில் ஒரு தடவை அச்சக வாசல் வழியாகச் சைக்கிளில் போனார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

முதலாளியும் லேசுப்பட்டவர் இல்லை. புது மை டப்பாவைத் திறந்தால் மோந்து பார்ப்பார். புதுக் காகிதம் வந்தால் ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். கையால் தொட்டுப் பார்க்காத எதையும் அவர் நம்பியதில்லை.

கல்யாணப் பத்திரிகையும் கட்சி நோட்டீஸும்தான் அதிகம். நடுநடுவே புத்தகங்களும் வரும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வரலாறு, வைத்தியர்களின் குறிப்பு, கோயில் மலர், மாதா கோயில் மலர் என்று. புத்தகம் வந்தால்தான் எங்களுக்குத் தலைவலி. ஒவ்வொரு பக்கத்தையும் மவுசால் இழுத்து இழுத்து அமைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு எழுதியவர் வந்து, முதல் அத்தியாயத்தில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்பார். அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பக்கமும் நகர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து இழுக்க வேண்டும்.

இந்த வேலையைக் கணினியே செய்யாதா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பயிற்சி மையத்தில் புரோகிராம் எழுதப் படித்தேன். மிச்சத்தை பிரவுசிங் சென்டரில் தேடித் தேடிக் கற்றுக்கொண்டேன். பல மாதம் முட்டி மோதி ஒரு புரோகிராம் எழுதினேன். தட்டச்சு செய்த கோப்பை அதற்குள் கொடுத்தால், அத்தியாயம் பிரித்து, பக்க எண் போட்டு, பொருளடக்கமும் சேர்த்து, அச்சுக்குத் தயாராக ஒரு பிடிஎஃப்பை அதுவே உண்டாக்கிவிடும். பத்தி சேர்க்க வேண்டுமா, சேர்த்துவிட்டு மறுபடி ஓட விட்டால் போதும்.

முதலாளிக்கு ஓட்டிக் காட்டினேன். அவர் கையில் இருந்த டீயில் ஆடை படிவதற்குள் புத்தகம் முழுதும் திரையில் வந்து நின்றது. அவர் முகம் மலரவில்லை.

"ஏம்மா, இம்புட்டுப் பக்கத்தையும் எவன் பாத்தான்?"

"கம்ப்யூட்டர் பாத்துச்சுண்ணே."

"அதுக்குத் தமிழ் தெரியுமா?"

தெரியாதுதான். அதை நான் சீக்கிரமே அனுபவித்தேன்.

புரோகிராமை நம்பி நாங்கள் முதலில் கொடுத்த புத்தகம் ஒரு சித்த வைத்தியருடையது. மூலிகைகளைப் பற்றியது. மாதிரிப் படியை வாங்கிப் பார்த்த வைத்தியர் மறுநாள் கொதித்துக்கொண்டு வந்தார். "இந்த மூலிகையை" என்று வருகிற இடத்திலெல்லாம் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பத்தி பாதியில் நின்றது. எதை அரைக்க வேண்டும், எதில் கலக்க வேண்டும் என்ற விஷயம் எதுவுமே புத்தகத்தில் இல்லை.

"என் மருந்தை எவனுக்கோ எடுத்துக் குடுத்துட்டீங்க. எனக்குத் தெரியும், யாரு கேட்டிருப்பான்னு!" என்று கத்தினார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. எங்கள் ஊரில் அப்போது பெரும்பாலோர் பயன்படுத்திய எழுத்துருவில், 'மூ' என்ற எழுத்து சதவீதக் குறி இருக்கிற விசையில் உட்கார்ந்திருந்தது. நம் கண்ணுக்கு அது 'மூ'. கணினிக்கு அது சதவீதக் குறிதான். நான் பக்கம் கோக்கப் பயன்படுத்திய மென்பொருளிலோ, சதவீதக் குறி வந்தால் 'இந்த வரியில் இனிமேல் உள்ளதைக் கண்டுகொள்ளாதே' என்று அர்த்தம். என் கோப்பில் ஒரு பத்தி முழுவதும் ஒரே வரி. ஆக 'மூ' வந்த இடத்திலிருந்து பத்தியின் கடைசிவரை ஒன்றும் மிஞ்சாது. மூலிகைப் புத்தகத்தில் என்ன மிஞ்சும்?

சரிசெய்துவிட்டேன். வைத்தியரை உட்கார வைத்து, முதலாளிக்கும் சேர்த்து விளக்கிச் சொன்னேன். வைத்தியர் பாதி நம்பினார். அன்று எங்கள் அச்சகத்தில் இன்னொருவரும் இருந்தார். தன் அம்மா எழுதிய புத்தகத்தைப் பற்றி விசாரிக்க வந்தவர், நாற்பதை நெருங்கும் வயது, இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. நான் 'மூ' கதையைச் சொல்லி முடிக்கும்வரை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப 'மூ' வந்தா முழுங்கிரும், அப்படித்தானே?" என்று என்னிடம் திரும்பவும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். "இப்ப முழுங்காது சார்" என்றேன். சிரித்தார்.

அவருடைய அம்மா ஓய்வு பெற்ற டீச்சர். வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு கிராமத்தில் பிறந்து, கிறிஸ்தவப் பள்ளிகளில் காலமெல்லாம் பாடம் நடத்தியவர். தன் வாழ்க்கையைக் கையால் எழுதியிருந்தார். மகன் அதை வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்து, சிடியில் கொண்டுவந்து கொடுத்தார். நான் புரோகிராமை ஓட்டி மாதிரிப் படி எடுத்துக் கொடுத்தேன். ஒரு சிக்கலும் வரவில்லை.

அடுத்த வாரம் டீச்சரே வந்தார். வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி, இடுக்கிய கைப்பை. பின்னால் மகன். டீச்சர் மாதிரிப் படியை என் மேசையில் வைத்தார்.

"என் அக்காவை எங்கம்மா?"

எனக்குப் புரியவில்லை. அவருடைய மூத்த அக்காவைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தாராம். அது இந்தப் படியில் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டார்.

"நாந்தான் சொன்னேனேம்மா. 'என் மூத்த அக்கா'ன்னுதான் அது ஆரம்பிக்கும். 'மூ' வந்தா இவங்க மிஷின் முழுங்கிரும். வைத்தியர் புத்தகத்துலயும் அப்படித்தான் ஆச்சு."

முதலாளி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று கேட்க வேண்டியதே இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சரிசெய்தது சரியாகவில்லையோ? இன்னும் எத்தனை புத்தகத்தில் என்னென்ன விழுந்து கிடக்கிறதோ?

டீச்சர், மகன் சொன்னதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எந்தத் தெரு?"

"பேகம்பூர், டீச்சர்."

"அப்பா?"

"தோல் மண்டியில கணக்கு எழுதுறாங்க."

அவர் முகம் இறுகியது. "அப்ப உங்காளுக யாரோ எடுக்கச் சொல்லிருக்காங்க."

அந்த அத்தியாயத்தில் என்ன இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. மூத்த அக்கா, பேகம்பூர் தோல் மண்டியில் வேலை பார்த்த ஒருவரை விரும்பி, மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். வீட்டில் அவர் செத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் கழித்து டீச்சர் அதை எழுதியிருக்கிறார். எழுதியது காணாமல் போயிருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பதோ பேகம்பூர்ப் பெண், தோல் மண்டிக்காரரின் மகள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேனோ என்னவோ. ஆனால் அன்று எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் படிக்காத பக்கத்தை நான் எடுத்ததாகச் சொல்கிறார்களே.

"செத்த நேரம் உக்காருங்க டீச்சர். உங்க முன்னாடியே பாக்குறேன்" என்றேன்.

மாதிரிப் படியைப் புரட்டினேன். மூக்குக்கண்ணாடி வந்திருந்தது. நெல் மூட்டை வந்திருந்தது. மூணாறுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனது முழுசாக வந்திருந்தது. எந்த 'மூ'வும் எதையும் விழுங்கவில்லை. அதுவும் போக, விழுங்கினால் ஒரு பத்தி போகும். தலைப்போடு சேர்த்து ஓர் அத்தியாயம் எப்படிப் போகும்?

டீச்சரும் சும்மா இருக்கவில்லை. முதல் அத்தியாயத்தை எடுத்து விரலால் வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இதென்ன? 'எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள்'னு போட்டிருக்கு? நாங்க மூணு பேரு. மூணுன்னுதான் எழுதினேன்."

அவர் அதைச் சொன்னதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் புரோகிராமுக்கு எழுத்தை விழுங்கத் தெரியும். மூன்று பெண்களில் ஒருத்தியைக் கழித்து, மிச்சம் இரண்டு என்று எழுத அதற்குத் தெரியாது.

மகன் கொடுத்த சிடியைக் கணினியில் போட்டு, அவர் தட்டிய கோப்பை அப்படியே திறந்தேன். அதில் என் புரோகிராமின் கை இன்னும் படவில்லை. திரையை டீச்சர் பக்கம் திருப்பினேன். 'நாங்கள் இரண்டு பெண்கள்' என்று அதிலேயே இருந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"கைப்பிரதி எங்கடா?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே. எலி கடிச்சிருச்சு. குப்பையில போட்டாச்சு."

"எந்த எலி?"

மகன் சட்டைப் பையில் சாவியைத் தேடினார். வண்டியை வெயிலில் நிறுத்தியிருப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். டீச்சர் அவர் கூடப் போகவில்லை. முதலாளி வரவழைத்த டீயைக் குடித்துவிட்டுத் தனியாக ஆட்டோவில் போனார். என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. படியிறங்கும்போது, "நாளைக்கு மத்தியானம் வாரேன். நான் சொல்லச் சொல்ல நீ அடிக்கணும்" என்றார்.

வந்தார். அடுத்த சில மத்தியானங்கள் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த அத்தியாயத்தை மனசிலிருந்தே சொன்னார். அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்தால் பாடிக்கொண்டே தைப்பது. அப்பா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, இனி அவள் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்றது. கிளம்பிப் போன அன்று மழை பெய்தது, அக்கா வாசலில் நின்று அழுதது. பின்னாளில் கடைவீதியில் பர்தாவுக்குள் போகிற ஓர் உருவத்தை நடையை வைத்தே அடையாளம் கண்டது. அவர் சொன்னதை நான் அடித்தேன். ஆனால் நான் அடித்ததை அவர் நம்பவில்லை. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். அச்சிட்டு வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார். எனக்கு முதலில் கோபமாக வந்தது. அப்புறம் அவருடைய நிலைமையில் வேறென்ன செய்வார் என்று விட்டுவிட்டேன்.

புத்தகம் முழுசாகத் தயாரானது. அச்சுக்குப் போகப் போகிற நேரத்தில் மகன் வந்தார், கையில் இனிப்புப் பெட்டியோடு. முதலாளி அப்போது இல்லை.

"நீங்க கெட்டிக்காரங்க. ஒரு உதவி பண்ணணும்" என்று ஆரம்பித்தார். "எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக. நாளைக்குச் சம்பந்தம் பேச வாரவன் இந்தப் புத்தகத்தப் படிச்சுட்டு என்ன பேசுவான்? அம்மாவுக்கும் அவங்க சிநேகிதிகளுக்கும் அந்த அத்தியாயத்தோட பத்துப் பிரதி போதும். மத்ததெல்லாம் அது இல்லாம அடிச்சிருங்க. உங்க புரோகிராமுக்கு அது ஒரு வரி வேலைதானே?"

அவர் சொன்னது உண்மை. அந்த அத்தியாயத்தின் பேரை எடுத்துவிட்டு ஓட்டினால், பக்க எண்ணும் பொருளடக்கமும் தானாகவே சரியாகி, தையல் தெரியாமல் இன்னொரு புத்தகம் வந்து நிற்கும். பழைய முறையில் இழுத்து இழுத்து அமைத்திருந்தால் யாரும் இப்படிக் கேட்டிருக்கவே மாட்டார்கள். நான் வேலையை லேசாக்க எழுதியது இதையும் லேசாக்கி வைத்திருந்ததை அன்றுதான் உணர்ந்தேன்.

"முடியும் சார். ஆனா செய்ய மாட்டேன்" என்றேன்.

இனிப்புப் பெட்டியை மேசையில் விட்டுவிட்டே போனார். நான் அதைத் தொடவில்லை.

மறுநாள் அவர் முதலாளியின் அறைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. அவர் போன பிறகு முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். புரோகிராமைக் கண்டாலே விலகிப் போகிறவர், "இத ஓட்டுறதுக்கு எந்தப் பட்டனம்மா அமுக்கணும்?" என்று கேட்டார். காட்டினேன். "சரி, ஒரு அத்தியாயத்த மட்டும் எடுக்கணும்னா?"

"எதுக்குண்ணே?"

"சும்மாதான். தெரிஞ்சுக்குவோம்னு."

"அது கொஞ்சம் கஷ்டம்ணே" என்று பொய் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நான் எழுந்து போனால் அவர் என் மேசைப் பக்கம் வந்து நிற்பதாகத் தோன்றும். அவர் போனை எடுத்தால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். வீட்டுக்குப் போகும்போது கோப்பை சிடியில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைசியில் பொறுக்க முடியாமல், எஸ்.டி.டி. பூத்திலிருந்து டீச்சருக்குப் போன் செய்தேன். "நாளைக்கு பிளேட் போடுறப்ப நீங்களே வந்து உக்காருங்க டீச்சர். முதலாளிய நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அச்சுத் தகடான பிளேட்டைப் போடுகிற அன்று காலையிலேயே டீச்சர் வந்து, மிஷின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளியும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் என்ன பிரச்சினை? நேத்துக் காலையில இவரு போன் பண்ணி, அந்தப் பொண்ண நம்பாதீங்க, நேர்ல வந்து உக்காருங்கன்னாரு. சாயங்காலம் நீ போன் பண்ணி, முதலாளிய நம்பாதீங்கன்ன."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். விஷயம் மெல்ல வெளியே வந்தது. மகன் அவரிடம் போய், நான் சம்மதித்துவிட்டதாகவும் அவர் கண்டுகொள்ளாமல் இருந்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். முதலாளி அவரைத் திட்டி அனுப்பிவிட்டு, நான் என்ன செய்யப் போகிறேன் என்று என்னைக் கண்காணித்திருக்கிறார். அத்தியாயத்தை எப்படி எடுப்பது என்று கேட்டது, நான் என்ன பதில் சொல்கிறேன் என்று பார்ப்பதற்காம்.

"கஷ்டம்னு சொன்னேல்ல, அப்பவே எனக்கு உறுதியாயிருச்சு, நீ மறைக்கிறேன்னு" என்றார்.

"மறைக்கத்தாண்ணே செஞ்சேன். உங்ககிட்ட இருந்து."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் கைப்பையிலிருந்து கையெழுத்துப் போட்ட தாள்களை எடுத்து, ஒவ்வொரு பிளேட்டையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

புத்தகம் வந்தது. பள்ளிக்கூட ஹாலில் சின்னதாக ஒரு வெளியீட்டுக் கூட்டம் நடந்தது. மகன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்; முடிவதற்குள் எழுந்து போய்விட்டார். அவருடைய பெண்களின் சம்பந்தத்துக்கு அந்தப் புத்தகத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

கூட்டம் முடிந்ததும் டீச்சர் ஒரு பிரதியை என் கையில் திணித்தார். பேகம்பூரில் அக்கா இருக்கிற தெருவைச் சொன்னார். "அவங்க பக்கத்துப் பொண்ணு கையால குடுத்தாதான் வாங்குவாங்க" என்றார்.

அந்த வீட்டில் மருமகள்தான் கதவைத் திறந்தார். முழுசாகத் திறக்கவில்லை. யார் அனுப்பினார்கள், எதற்கு இப்போது, சொத்துக் கித்து விவகாரமா என்று நிற்க வைத்தே கேட்டார். உள்ளேயிருந்து ஒரு குரல், "யாரு புள்ள அது? உள்ள வரச் சொல்லு" என்றது.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார், தலையில் முக்காடு போட்டு. கண்ணில் புரை. டீச்சரின் அதே மூக்கு. புத்தகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன எழுதிருக்கா? படி" என்றார். படித்தேன். பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தவர், அவர் கிளம்பிப் போன அன்று மழை பெய்த இடம் வந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"பொய்யி. அன்னைக்கு மழையே பெய்யல. சுள்ளுன்னு வெயிலு. நான் அழுகவும் இல்ல. அழுதது அவதான். இத மாத்தச் சொல்லு."

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். இரண்டாம் பதிப்பு போட்டால் எனக்கு அது ஒரு நிமிஷ வேலை என்றும் சொன்னேன். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒரு எழுத்து மாத்தக்கூடாது. மழை பெஞ்சுச்சு. அவ அழுதா. நான் பாத்தேன்."

அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். "அப்படியா? நேர்ல வந்து எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு" என்றார்.

டீச்சர் கொஞ்ச நாள் யோசித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கூட வா என்றார். அந்த வீட்டுக் கதவை இந்தத் தடவை மருமகள் அகலத் திறந்தார். டீச்சர் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு நான் வாசலுக்கு வந்துவிட்டேன். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. அன்று மழையா வெயிலா என்று.